எண்பது பேருக்கு நடுவே ஒரு கிட்டார்: ஆர்கெஸ்ட்ராவுடன் ராக் சோலோ வாசிப்பது எப்படி

சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஒரு நீண்ட கார்டை (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகளின் தொகுப்பை) பிடித்து நிற்க, அதன் மேல் எலக்ட்ரிக் கிட்டாரின் ஒற்றை நோட் எழும்பி வரும் இடத்துக்கு ஈடாக ராக் இசையில் வேறு எதையும் சொல்வது கடினம். 1969 செப்டம்பர் 24 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் டீப் பர்ப்பிள் குழுவின் ரிட்சி பிளாக்மோர், ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோடு அதைச் செய்தார். 2006 ஆகஸ்டில் போலந்தின் க்டான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில், பால்டிக் ஃபில்ஹார்மோனிக்கின் தந்திக் கலைஞர்களுக்கு மேல் பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் டேவிட் கில்மோர் செய்தார். கில்மோரின் வழி பொறுமை: ஒரு நோட்டை இழுத்து மேலே கொண்டுபோய், அடியில் கார்டு மாறி அந்த நோட்டுக்கே வேறு அர்த்தம் கிடைக்கும்வரை விடாமல் பிடிப்பார். ஸ்வீடன் கிட்டார் கலைஞர் யங்வி மால்ம்ஸ்டீன் நேர் எதிர். செக் ஃபில்ஹார்மோனிக்கோடு பதிவு செய்து 1998-ல் வெளியிட்ட கான்செர்ட்டோவில் (தனி வாத்தியத்துக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமான படைப்பில்) அவருடைய கிட்டார், வயலின் மேதை பாகனீனி காலத்து சோலோ வயலினைப் போல ஓடுகிறது.

இரண்டுமே எடுபடுவதற்குக் காரணம் ஒன்றுதான். கிட்டாரின் ஒலி எங்கே உட்காரவேண்டும் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. சத்தத்தைக் கூட்டி ஆர்கெஸ்ட்ராவை வெல்ல முயன்றால் ஆர்கெஸ்ட்ரா வெறும் தரைவிரிப்பாகச் சுருங்கிவிடும். ஸ்ருதி, ஸ்தாயி, நேரம், ஒலி அளவு இந்த நான்கையும் சரியாகப் பொருத்தினால், சின்ன ஆம்ப் (ஒலிபெருக்கி) ஒன்றே அரங்கம் முழுவதையும் நிறைக்கும்.

முதலில் ஸ்ருதி

உங்கள் ட்யூனரில் 'ஏ' நோட் 440 ஹெர்ட்ஸில் இருக்கும். பல ஆர்கெஸ்ட்ராக்கள், குறிப்பாக ஐரோப்பாவில், 442 அல்லது 443-க்கு ஸ்ருதி சேர்க்கின்றன. 440-க்கும் 442-க்கும் உள்ள வித்தியாசம் சுமார் 8 சென்ட் (அடுத்தடுத்த இரு ஃப்ரெட்டுகளுக்கு இடையே 100 சென்ட்). 443 என்றால் சுமார் 12. தனியாகக் கேட்டால் தெரியாது. வயலின்களோடு ஒரே நோட்டை நீளமாகப் பிடிக்கும்போது புளித்துப்போகும். ஆர்கெஸ்ட்ராவின் நிர்வாகியிடம் எண்ணைக் கேட்டு, ட்யூனரை அதற்கு மாற்றுங்கள். மேடையில் ஓபோ 'ஏ' கொடுக்கும்போது நீங்களும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அரங்கம் சூடாகும்போது இன்னொரு தொல்லை வரும். விளக்குச் சூட்டில் கிட்டாரின் உலோகக் கம்பிகள் விரிந்து ஸ்ருதி இறங்கும். புல்லாங்குழல், கிளாரினெட், பித்தளைக் கருவிகளிலோ ஸ்ருதி ஏறும். இடைவெளி இரு பக்கமிருந்தும் விரிகிறது. எனவே சோலோவுக்கு முன்னால் குறைந்தது 20 பார் (தாள அளவு) ஓய்வு இருக்கும்படி பகுதியை அமைத்து, அந்த நேரத்தில் சத்தமில்லாமல் ட்யூன் செய்யுங்கள். கம்பிகளை ஒத்திகைக்கு முந்தைய நாளே மாற்றி, இழுத்துப் பழக்கிவிடவேண்டும்.

வைப்ரேட்டோவை, அதாவது நோட்டை மெல்ல அசைத்து நடுங்கவைப்பதை, பலரும் கவனிப்பதில்லை. விரலால் கம்பியைத் தள்ளும் ராக் வைப்ரேட்டோ ஸ்ருதியிலிருந்து மேலே மட்டும்தான் போய்வரும். வயலின்காரர்கள் பொதுவாகக் கீழே போய்த் திரும்புவார்கள். இரண்டும் ஒரே நோட்டில் சேர்ந்தால் கிட்டார் சற்று உயர்ந்தே கேட்கும். ஆர்கெஸ்ட்ராவோடு ஒரே மெட்டை வாசிக்கும் இடங்களில் நோட்டை முதலில் நேராக நிறுத்துங்கள். பாதி நேரம் கழித்து, குறுகிய வைப்ரேட்டோ கொடுங்கள். அகலமான வைப்ரேட்டோ உங்கள் குரல் மட்டும் கேட்கும் இடத்துக்கு.

நீளமாகப் பிடிக்கும் கடைசி நோட்டு கார்டின் ரூட்டாகவோ (அடிப்படை நோட்டாகவோ) ஐந்தாவது நோட்டாகவோ இருக்கட்டும். நல்ல பித்தளைப் பிரிவு மேஜர் கார்டின் மூன்றாவது நோட்டை, சுத்தமாக ஒலிப்பதற்காக, கிட்டாரின் ஃப்ரெட் தருவதைவிட ஏறக்குறைய 14 சென்ட் கீழே வாசிக்கும். அந்த நோட்டில் நீங்கள் போய் உட்கார்ந்தால் இருவருமே தப்பாகக் கேட்பீர்கள்.

எந்த ஸ்தாயியில் வாசிப்பது

கிட்டாரின் நடுப்பகுதியில்தான் செல்லோ, வயோலா, ஹார்ன் மூன்றும் வசிக்கின்றன. டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) போட்ட கிட்டார் அங்கே நுழைந்தால் அவர்கள் நுணுக்கமாக வாசிப்பது எதுவும் கேட்காது. உங்களுக்காக எழுதும் அரேஞ்சரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். சோலோ மேல் ஸ்தாயியில், 12-ஆம் ஃப்ரெட்டுக்கு அப்பால் போகும்போது முதல் வயலின்கள் அதே ஆக்டேவில் வேறு மெட்டு வாசிக்கக்கூடாது. ஒன்று நீண்ட நோட்டாக நிற்கட்டும், இல்லையென்றால் ஒரு ஆக்டேவ் மேலே போகட்டும். சோலோ கீழே இறங்கும்போது செல்லோவும் வயோலாவும் அசையாமல் கார்டு பிடிக்கட்டும். தந்திகளின் பிஸிகாட்டோவும் (வில் இல்லாமல் விரலால் மீட்டுவது), கீழ் ஸ்தாயிப் புல்லாங்குழலும் டிஸ்டார்ஷனுக்கு அடியில் பிழைக்காது. அவற்றை எழுதினால் கிட்டார் ஓய்வெடுக்கும் பார்களில் எழுதவேண்டும்.

தவறவிடக்கூடாத ஒரு கலவை உண்டு. கிட்டாரும் செல்லோ பிரிவும் ஒரே மெட்டை ஒரே ஸ்தாயியில், ஜி கம்பியின் இரண்டாவது ஃப்ரெட்டிலிருந்து மேலே, சேர்ந்து வாசிப்பது. நெக் பிக்கப், டோன் நாப் பாதிக்குக் கீழே, கெய்ன் (டிஸ்டார்ஷனைத் தூண்டும் அளவு) குறைவாக. பிக்கின் கூர்மை செல்லோவின் மெதுவான தொடக்கத்துக்கு ஒரு விளிம்பு கொடுக்கும். வில்லின் நீளம் கிட்டாரில் இல்லாத மூச்சைக் கொடுக்கும். எட்டு பார் இதை வாசித்துவிட்டுப் பிறகு மேலே தாவினால், அந்தத் தாவலுக்கு வேறு எந்த வழியிலும் கிடைக்காத எடை கிடைக்கும்.

ஸ்கோரில் ஒரு எச்சரிக்கை: கிட்டார் எழுதப்படுவதைவிட ஒரு ஆக்டேவ் கீழே ஒலிக்கும் கருவி. அரேஞ்சர் இதை மறந்தால், புல்லாங்குழலோடு ஒன்றாக ஒலிக்கவேண்டிய மெட்டு ஒரு ஆக்டேவ் தள்ளி விழும்.

கெய்னும் வால்யூமும்

டிஸ்டார்ஷன் என்பது ஒலியை நசுக்குவதும்கூட. மெதுவாக மீட்டினாலும் பலமாக மீட்டினாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் வெளியே வரும். ஆர்கெஸ்ட்ராவின் அழகோ பியானிஸ்ஸிமோவுக்கும் (மிக மெதுவான ஒலி) ஃபோர்ட்டிஸ்ஸிமோவுக்கும் (மிகப் பலத்த ஒலி) இடையேயான தூரத்தில் இருக்கிறது. அதனால் வழக்கமாக வைக்கும் கெய்னில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துத் தொடங்குங்கள். வீட்டில் மெலிந்ததாகத் தோன்றும். நாற்பது தந்திகள் அடியில் வந்ததும் அந்த இடம் தானே நிரம்பிவிடும். இரண்டு நோட்டுகளைச் சேர்த்து வாசித்தால் ஐந்தாவதும் ஆக்டேவும் மட்டும் போதும். மூன்றாவதை டிஸ்டார்ஷனில் சேர்த்தால் கலங்கிய கூடுதல் ஒலிகள் பிறந்து கார்டைக் கெடுக்கும்.

வால்யூம் பெடல் இங்கே உயிர்நாடி. அதை எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ஓவர்டிரைவுக்கு (டிஸ்டார்ஷன் தரும் பெடலுக்கு) முன்னால் வைத்தால், பெடலைக் குறைக்கும்போது கெய்ன் குறைந்து ஒலியின் குணமே மாறும். ஓவர்டிரைவுக்குப் பின்னால், டிலேக்கு (ஒலியைத் தாமதித்துத் திருப்பித் தரும் பெடலுக்கு) முன்னால் வைத்தால் அதே குணத்தோடு அளவு மட்டும் குறையும். டிலேயின் வாலும் அறுபடாது. இந்த இரண்டாவது இடம்தான் உங்களுக்கு வேண்டும். கெய்னைக் குறைக்கக் கிட்டாரின் வால்யூம் நாப் ஏற்கனவே கையில் இருக்கிறது. கிட்டாருக்கு நேர் பின்னால் என்றால் 250 கிலோ ஓம் பெடல், பெடல்களுக்குப் பின்னால் என்றால் 25 கிலோ ஓம். மாற்றி வைத்தால் மேல் ஒலிகள் மங்கும், அல்லது பெடலின் முழு அசைவும் ஒரு மூலையிலேயே முடிந்துவிடும்.

ரிவெர்பை (செயற்கை எதிரொலியை) ஏறக்குறைய அணைத்துவிடுங்கள். நல்ல கச்சேரி அரங்கத்தில் ஏற்கனவே இரண்டு நொடி எதிரொலி இருக்கிறது. நிமிடத்துக்கு 120 பீட் வேகத்தில் பதினாறாம் நோட்டு ஒன்றுக்கு 125 மில்லி நொடிதான். இரண்டு நொடி எதிரொலிக்குள் அப்படிப் பதினாறு நோட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும். மால்ம்ஸ்டீன் பாணியில் ஓடவேண்டுமென்றால் கார்டின் நோட்டுகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தொடும் ஆர்பெஜியோவாக ஓடுங்கள். எதிரொலியில் அவை கார்டாகவே சேரும். நெருக்கமான ஸ்கேல் ஓட்டம் சேறாகும். டிலே நேரத்தை வேகத்தோடு பொருத்த 60,000-ஐ பீட் எண்ணால் வகுங்கள்: 72 பீட் என்றால் கால் நோட்டுக்கு 833 மில்லி நொடி. ஆனால் கண்டக்டர் வேகத்தை இழுத்து விடும் இடங்களில் அது பொருந்தாது என்பதால், திரும்பும் ஒலியை இரண்டு தடவைக்கு மேல் வைக்காதீர்கள்.

ஆம்ப்பை எங்கே வைப்பது

100 வாட் ட்யூப் ஆம்ப் வேண்டாம். வயோலாக்களுக்கு முன்னால் உள்ள மைக்குகள் எல்லாம் உங்கள் கிட்டாரைப் பிடித்துக்கொள்ளும். பிறகு மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவர் தந்திகளைக் கூட்டினாலே கிட்டாரும் கூடும். 15 முதல் 20 வாட் ஆம்ப், மேடைக்குப் பின்னால் ஒலி வெளியே கசியாத பெட்டியில் ஒரு மைக்கோடு. அல்லது ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்ப்பின் மின்சக்தியை ஏற்கும் லோட் பாக்ஸும் ஸ்பீக்கர் ஒலியைப் பிரதி செய்யும் கருவியும். ட்யூப் ஆம்ப்பை ஸ்பீக்கரோ லோடோ இல்லாமல் இயக்கினால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் எரியக்கூடும்; 8 ஓம், 16 ஓம் பொருத்தத்தையும் சரிபாருங்கள். ஸ்பீக்கர் பிரதி இல்லாமல் நேராக மிக்ஸருக்குக் கொடுத்தால் கொசு ரீங்காரம் மாதிரிதான் கேட்கும். மிக்ஸரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டச் சொல்லுங்கள். அந்த இடம் டபுள் பாஸுக்கும் டிம்பனிக்கும் சொந்தம்.

அமைதியான பகுதியில் ஹம் ஒலி அரங்கம் முழுக்கக் கேட்கும். நாய்ஸ் கேட் (சிறிய ஒலிகளை அடைக்கும் கருவி) போட்டால் நீண்ட நோட்டின் வாலையும் அது வெட்டிவிடும். ஹம் ஒலியைத் தானே ரத்துசெய்யும் ஹம்பக்கர் பிக்கப் உள்ள கிட்டாரைத் தேர்ந்தெடுப்பதும், கிட்டாரை மிக்ஸரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் பயன்படுத்துவதும் சரியான தீர்வுகள். மின் பிளக்கின் எர்த் கம்பியை எந்தக் காரணத்துக்காகவும் துண்டிக்கக்கூடாது. அது உயிரை எடுக்கும்.

கையைப் பார்த்து வாசியுங்கள்

ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர்தான் போகிறது. 15 மீட்டர் பின்னால் இருக்கும் ட்ராம்போன்கள் உங்கள் காதுக்கு வந்துசேர 44 மில்லி நொடி ஆகும். அவர்களைக் கேட்டு அதற்கேற்ப வாசித்தால் நீங்கள் பின்தங்குவீர்கள். உங்களைக் கேட்டு முதல் வயலின்கள் பின்தங்கும். பத்து பாரில் வேகமே இறங்கிவிடும். கண்டக்டரின் கைதான் ஒரே கடிகாரம். சோலோ வாசிப்பவர் வழக்கமாக நிற்கும் இடத்தில், கண்டக்டருக்கும் முதல் வயலின்களுக்கும் நடுவே, அவருடைய வலது கை ஓரக்கண்ணில் தெரியும்படி நில்லுங்கள். ஃப்ரெட்போர்டைப் பார்க்காமல் சோலோவின் முதல் நான்கு பாரையும் கடைசி நான்கு பாரையும் வாசிக்கப் பழகவேண்டும். பல ஆர்கெஸ்ட்ராக்கள் குச்சி கீழே தொட்ட கணத்துக்குச் சற்றுப் பின்னால்தான் ஒலிக்கும். எவ்வளவு பின்னால் என்பதை முதல் ஒத்திகையில் உங்கள் உடம்பு கற்றுக்கொள்ளட்டும்.

காதுக்குள் வைக்கும் மானிட்டரில் உங்கள் கிட்டாரைவிட முதல் வயலினும் செல்லோவும் அதிகமாக இருக்கட்டும். 

காகித வேலை

சலிப்பான பகுதி, ஆனால் கச்சேரிகள் இங்கேதான் உடைகின்றன. ஆர்கெஸ்ட்ராவோடு கிடைக்கும் ஒத்திகை பெரும்பாலும் இரண்டோ மூன்றோதான், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரத்துக்குள். ராக் குழுவின் சார்ட்டில் (இசைக் குறிப்புத் தாளில்) ரிப்பீட் குறி போட்டிருப்பார்கள். ஆர்கெஸ்ட்ரா பார்ட்டில் அதே பகுதி விரித்து எழுதப்பட்டிருக்கும். பார் எண்கள் ஒத்துப்போகாது. கண்டக்டர் "பார் 84" என்றதும் இரண்டு பக்கமும் வெவ்வேறு இடத்தில் தொடங்கும். உங்கள் சார்ட்டையும் விரித்தே எழுதி, ஒரே எண்களும் ஒரே ஒத்திகை எழுத்துகளும் போடுங்கள். தந்திப் பிரிவில் ஒரு ஸ்டாண்டுக்கு இருவர் என்பதால் 12 முதல் வயலினுக்கு 6 பிரதி போதும்.

கற்பனையில் வாசிக்கும் பகுதி 16 பார் அல்லது 32 பார் என்று எண்ணிக்கையாக இருந்தால் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். திறந்த ரிப்பீட் வேண்டுமென்றால், வெளியேறும் அடையாளமாக நான்கு பார் மெட்டு ஒன்றை எழுதிக் கண்டக்டரின் ஸ்கோரில் சேருங்கள். அது காதில் விழுந்ததும் அவர் கை உயர்த்துவார். ஆர்கெஸ்ட்ரா நிறுத்திவிட்டு நீங்கள் மட்டும் வாசிக்கும் கடென்சாவிலும் இதே முறைதான்: எவ்வளவு தூரம் அலைந்தாலும் கடைசி இரண்டு பார் எழுதியபடி, எழுதிய வேகத்தில்.

எல்லாவற்றுக்கும் இரண்டாவது பிரதி வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் சொன்ன 1969 டீப் பர்ப்பிள் கச்சேரியில் வாசிக்கப்பட்டது, குழுவின் கீபோர்ட் கலைஞர் ஜான் லார்ட் எழுதிய கான்செர்ட்டோ; அதன் ஸ்கோர் 1970-ல் தொலைந்துபோனது. பழைய பதிவைக் கேட்டுக் கேட்டு மறுபடி எழுதிய பிறகுதான் 1999-ல் அதே அரங்கத்தில், லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு மீண்டும் வாசிக்க முடிந்தது. அந்த முறை கிட்டார் ஸ்டீவ் மோர்ஸ்.

கச்சேரி நாளில்

கம்பி அறுந்தால் மிதக்கும் ட்ரெமெலோ பிரிட்ஜ் உள்ள கிட்டாரில் மற்ற ஐந்தும் ஸ்ருதி விலகும். வேமி பார் சோலோவுக்கு அவசியமில்லையென்றால் நிலையான பிரிட்ஜ் உள்ள கிட்டாரை எடுங்கள். இரண்டாவது கிட்டாரை அதே 442-க்கு சேர்த்து, வலப்பக்கம் கைக்கு எட்டும் ஸ்டாண்டில், தனிக் கேபிளும், இரு கிட்டார்களுக்கு இடையே மாற்றும் ஏ-பி சுவிட்சும் இணைத்து வையுங்கள். கேபிளைப் பிடுங்கி மாற்றினால் வரும் வெடிச் சத்தம் மெதுவான பகுதியைப் பாழாக்கும். கேபிள் 6 மீட்டரைத் தாண்டினால் நடுவே ஒரு பஃபர் (சிக்னல் வலுவிழக்காமல் காக்கும் சிறு கருவி) போடுங்கள், இல்லையென்றால் மேல் ஒலிகள் மங்கும்.

இறுதிக் கார்டில் கண்டக்டரின் கை மூடும் கணத்தில் உங்கள் நோட்டும் நிற்கவேண்டும். வலது உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கி, அதே நொடியில் வால்யூம் பெடலைக் குதிகாலுக்குக் கொண்டுவாருங்கள். டிலே வால் மட்டும் தனியாக ஒலித்துக்கொண்டிருக்காதபடி கடைசி எட்டு பாருக்கு முன்பே டிலேயை அணைத்துவிடவேண்டும்.