டர்பன் வெக்கையில் ஒயின்

மாமனார் தென்னாப்பிரிக்காவின் ஒயின் ஊரான ஸ்டெல்லன்போஷிலிருந்து வாங்கி வந்த பினோடாஜ் என்ற சிவப்பு ஒயின் பாட்டில்கள், டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதி வீட்டில், ஃபிரிட்ஜுக்கு மேலே நின்றிருந்தன. பிப்ரவரி வெக்கையில் ஒன்றின் கார்க் மேலே தள்ளி, கழுத்தெல்லாம் பிசுபிசுவென்று கசிந்திருந்தது. சூட்டில் ஒயின் விரிந்தால் இப்படித்தான்.

மாடிப்படிக்கு அடியில், தெற்குச் சுவரை ஒட்டிய இடத்தைக் காலி செய்தேன். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் இந்த நாட்டில் வெயில் காய்வது வடக்குச் சுவர்தான். கார்க் போட்டவற்றைப் படுக்க வைத்தேன். கார்க் காய்ந்து சுருங்கினால் காற்று உள்ளே போய்விடும். திருகு மூடி என்றால் நின்றாலும் ஒன்றுமில்லை. டர்பன் ஈரக்காற்றில் லேபிள் பூஞ்சை பிடிக்கும், அதனால் ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றினேன். மாமனார் சிரித்தார், சிரிக்கட்டும்.

ஆனாலும் கோடையில் அங்கே 24 டிகிரி காட்டியது. சீக்கிரம் குடித்துவிடுகிற பாட்டில்களுக்கு அது போதும். வருடக்கணக்கில் வைக்க வேண்டியவற்றுக்கு 12, 13 டிகிரிதான் வேண்டும். அதுவும் ஏறி இறங்காமல். அப்புறம் பழைய சின்ன ஒயின் ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கி, நல்ல சிவப்பு ஒயினை மட்டும் அதில் அடுக்கினேன். கரண்ட் போனால் கதவைத் திறக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். பாட்டில்கள் நெருக்கமாக இருந்தால் குளிர் சில மணி நேரம் தாங்குகிறது.