மலையில் ஸ்னோமொபைல் ஒன்றுகூடல்: வானிலையையும் பனிச்சரிவையும் எதிர்கொள்ளும் ஏற்பாடுகள், படிப்படியாக

பனிமேல் ஓடும் எஞ்சின் வண்டியான ஸ்னோமொபைலை ஓட்டுவோர் பலர் மலையில் ஓரிடத்தில் கூடும்போது ஆபத்தின் கணக்கே மாறிவிடுகிறது. நால்வர் மட்டும் செல்லும் குழுவில் ஒருவர் மலைச்சாய்வில் ஏறும்போது மற்ற மூவரும் விலகி நின்று அவரைக் கவனிக்க முடியும். நூறு பேர் கூடிய இடத்திலோ, மேலே யாரோ ஒருவர் கிளப்பிவிட்ட பனி, அவரை அறியாத பலர் மீது வந்து விழுகிறது. 2010 மார்ச் 13 அன்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், ரெவெல்ஸ்டோக் நகருக்கு அருகிலுள்ள போல்டர் மலையில் ஏறத்தாழ 200 பேர் கூடியிருந்தபோது பனிச்சரிவு ஏற்பட்டு, இருவர் உயிரிழந்தனர்; 30 பேர் அளவில் காயமடைந்தனர். அந்த வார இறுதியில் மலைகளில் ஆபத்து மிகுந்திருக்கிறது என்ற எச்சரிக்கை அதற்கு முன்னரே வெளியாகியிருந்தது.

ஒன்றுகூடலை முதன்முறையாக நடத்துபவர்களுக்கும், அதில் முதன்முறையாகக் கலந்துகொள்பவர்களுக்கும் இந்த விளக்கம் பயன்பட வேண்டும் என்பது என் விருப்பம். கருவிகளைப் பற்றிப் பின்னர் பேசுவோம். மக்கள் எங்கே நிற்பார்கள், யார் எப்போது நிகழ்வை நிறுத்துவார் என்ற இரண்டு முடிவுகளும்தான் முதலில் எடுக்கப்பட வேண்டியவை.

படி 1: கூடும் இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களில் தொடங்குகின்றன. அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி பெரிய அளவில் தேங்குவதில்லை. அதைவிடத் தட்டையான இடத்தில் அது எளிதில் நழுவுவதில்லை. ஸ்னோமொபைல் ஓட்டுவோர் விரும்பி ஏறும் சாய்வுகள் பெரும்பாலும் இந்த ஆபத்தான வரம்புக்குள்ளேயே அமைகின்றன. சாய்வுக் கோணத்தை நிறம் பிரித்துக் காட்டும் வரைபடச் செயலிகளும், கையில் வைத்து அளக்கக்கூடிய சாய்வுமானிகளும் இன்று எளிதாகக் கிடைப்பதால், கண்மதிப்பை மட்டும் நம்பி இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

தொடக்கநிலையில் உள்ளவர்கள் இங்கே ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்வதுண்டு: தாம் நிற்கும் தரை சமமாக இருந்தால் தமக்கு ஆபத்து இல்லை என்று எண்ணிவிடுகிறார்கள். மேலிருந்து வரும் பனி, சாய்வின் அடிவாரத்தில் நின்றுவிடாமல், சமதரையில் வெகுதூரம் ஓடி வந்தே ஓய்கிறது. அது வழக்கமாக வந்து விழும் பகுதியை மரங்கள் காட்டிக்கொடுக்கும். அடர்ந்த காட்டின் நடுவே மேலிருந்து கீழாக மரங்களே இல்லாத நீண்ட பட்டை, சாய்வின் மேற்பக்கம் நோக்கிய கிளைகள் மட்டும் முறிந்துபோன மரங்கள், சுற்றிலும் முதிர்ந்த மரங்கள் நிற்க ஓரிடத்தில் மட்டும் ஒரே வயதுடைய இளமரங்கள் ஆகியவை முன்பு பனிச்சரிவு வந்து சென்றதற்கான அடையாளங்கள். மரமே வளராத உயரத்தில் இத்தகைய அடையாளங்களும் இருக்காது என்பதால், அங்கே வரைபடத்தையும் உள்ளூர் வல்லுநர்களையும் மட்டுமே நம்ப வேண்டும்.

சமதரை பாதுகாப்பல்ல என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பனியின் அடியிலுள்ள பலவீனமான அடுக்கு ஓரிடத்தில் நொறுங்கினால் அந்த நொறுங்கல் பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் பரவக்கூடும். எனவே அடிவாரச் சமதரையில் வண்டி ஓட்டுபவரே தமக்கு மேலுள்ள சாய்வைச் சரியவைத்துவிட முடியும். வாகனம் நிறுத்துமிடம், உணவு வழங்குமிடம், பார்வையாளர்கள் நிற்குமிடம் ஆகிய மூன்றும் எந்தச் செங்குத்துச் சாய்வின் கீழும், எந்த ஓடைப்பள்ளத்திலும் அமையக்கூடாது. பள்ளத்தில் சிறிய பனிச்சரிவுகூட ஆழமாகக் குவிந்து மனிதரைப் புதைத்துவிடும். மேற்குக் கனடாவில் பல மலைப்பகுதிகள் எளியது, சவாலானது, சிக்கலானது என்று வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. முதல் ஒன்றுகூடலை எளிய வகைப் பகுதியில் மட்டுமே நடத்துங்கள் என்பது என் உறுதியான கருத்து.

படி 2: பனியையும் வானிலையையும் தொடர்ந்து கவனித்தல்

உயிரைப் பறிக்கும் பனிச்சரிவுகளில் பெரும்பான்மையானவை பாளப் பனிச்சரிவுகள். கெட்டியாக இறுகிய பனிப்பாளம் ஒன்று, அதற்கு அடியிலுள்ள பலவீனமான அடுக்கின்மேல் அமர்ந்திருக்கிறது. அந்த அடுக்கு உடையும்போது பாளம் முழுவதும் துண்டுதுண்டாகக் கழன்று இறங்குகிறது. தெளிந்த குளிர்ந்த இரவுகளில் பனியின் மேற்பரப்பில் பூக்கும் உறைபனிப் படிகங்கள் பின்னர் விழும் பனியில் புதையும்போதும், மெல்லிய பனிப்போர்வைக்குள் நீடிக்கும் கடுங்குளிரால் துகள்கள் சர்க்கரை போல ஒட்டாமல் உதிரும் நிலைக்கு மாறும்போதும் இத்தகைய அடுக்குகள் உருவாகின்றன. இவற்றில் சில வாரக்கணக்கில் வலுப்பெறாமல் கிடக்கும். ஆகவே நிகழ்வு நாளின் வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், டிசம்பரில் பெய்த பனியின் கதை பிப்ரவரியிலும் முடிந்திருக்காது. நிகழ்வுக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே முன்னறிவிப்புகளைப் படித்து வருவது இதற்காகத்தான்.

நிகழ்வு நெருங்கும்போது மூன்று மாற்றங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது புதுப்பனி: ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கு மேல் பனி விழுந்தால், அடுத்த 24 முதல் 48 மணி நேரம் வரை செங்குத்தான சாய்வுகளை ஒதுக்கிவிட வேண்டும். இரண்டாவது காற்று. வானிலிருந்து பனி விழாத நாளிலும் காற்று முகட்டின் ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் குவித்துக் கனத்த பாளத்தை உருவாக்கிவிடும். பனிப்பொழிவைவிடப் பல மடங்கு வேகமாக அது பனியைச் சேர்க்கக்கூடியது. முகட்டு விளிம்பில் வெளியே துருத்தி நிற்கும் பனிக்கூரையும், அதற்குக் கீழே வழவழப்பாகத் திரண்டிருக்கும் பனியும் அதன் அடையாளங்கள். மூன்றாவது, விரைவான வெப்ப உயர்வு அல்லது மழை. காலையில் உறைந்து இறுகியிருந்த வெயில்படும் சாய்வு, நண்பகலுக்குப் பின் முற்றிலும் வேறொரு சாய்வாக மாறிவிடலாம்.

அடிவார நகரத்தின் வானிலையை மலையின் வானிலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பொதுவாக 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை குறையும். பள்ளத்தாக்கில் குளிர்காற்று தேங்கிய நாளில் இதற்கு நேர்மாறாக மேலே வெதுவெதுப்பாகவும் இருக்கும். மலைமேல் அமைந்த தானியங்கி வானிலை நிலையத்தின் அளவுகளையே பாருங்கள். ஓட்டத்தால் உண்டாகும் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: மைனஸ் 15 பாகைக் குளிரில், காற்றே இல்லாத போதும், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுபவரின் திறந்த தோல் ஏறத்தாழ மைனஸ் 29 பாகைக்குரிய குளிரை உணரும்.

படி 3: ஆபத்து அளவீட்டைப் படித்தல்

கனடாவில் அவலாஞ்ச் கனடா அமைப்பும், அமெரிக்காவில் கொலராடோ, யூட்டா போன்ற மாநிலங்களின் பனிச்சரிவு மையங்களும் பனிக்காலத்தில் முன்னறிவிப்பு வெளியிடுகின்றன. ஆபத்து 1 முதல் 5 வரை குறிக்கப்படுகிறது: குறைவு, மிதம், கணிசம், அதிகம், உச்சம். நடுவிலுள்ள எண் 3, பாதி ஆபத்தைக் குறிப்பதாகப் பலருக்குத் தோன்றுகிறது. உண்மையில் அந்நிலையில் மனிதர் கிளப்பும் பனிச்சரிவு நிகழவே வாய்ப்பு அதிகம். உயிரிழப்புகளில் பெரும்பங்கு அந்த நிலையிலேயே ஏற்படுகிறது, ஏனெனில் 4ஐயும் 5ஐயும் கண்டு அஞ்சி வீட்டில் தங்குபவர்கள் 3ஐக் கண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். எண்ணோடு நிறுத்திவிடாமல், எந்த உயரத்தில், எந்தத் திசை நோக்கிய சாய்வில், எந்த வகைப் பனியால் ஆபத்து என்ற விளக்கத்தையும் படிக்க வேண்டும்.

படி 4: நிறுத்தும் முடிவை முன்கூட்டியே எழுதிவைத்தல்

நெடுந்தொலைவு வண்டியை ஏற்றிக்கொண்டு வந்து, விடுப்பும் எடுத்து, நண்பர்கள் காத்திருக்கும் இடத்தில் நின்றபின் எவருக்கும் திரும்பிப்போக மனம் வராது. எனவே அந்த முடிவை மலையடிவாரத்தில் எடுக்கக்கூடாது. அழைப்பு அனுப்பும்போதே நிபந்தனைகளை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்: ஆபத்து 3 என்றால் 30 பாகைக்குக் குறைந்த, மேலே செங்குத்தான சாய்வு இல்லாத பாதைகளில் மட்டும் ஓட்டம், 4 அல்லது 5 என்றால் மலையேற்றம் ரத்து, அடிவாரத்தில் பயிற்சியும் சந்திப்பும் மட்டும். முந்தைய நாள் மாலை ஒரு குறிப்பிட்ட மணிக்கு முடிவு அறிவிக்கப்படும் என்றும், அதை அறிவிப்பவர் யார் என்றும் அதிலேயே இருக்க வேண்டும். காலையில் நிலைமை மோசமானால் நிகழ்வை நிறுத்த அவருக்கு முழு அதிகாரம் உண்டு. ஆனால் மாலையில் நிறுத்தியதைக் காலையில் யாரும், அவரே ஆனாலும், மாற்றக்கூடாது.

படி 5: கருவிகளும் காலைச் சோதனையும்

ஒவ்வொருவரிடமும் டிரான்சீவர் (புதைந்தவரைக் கண்டறிய ரேடியோ அலையை அனுப்பவும் தேடவும் உதவும் கருவி), குறைந்தது 240 சென்டிமீட்டர் நீளமுள்ள ஆய்வுக்கோல் (பனிக்குள் குத்தித் தேடும் கோல்), உலோக மண்வாரி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். டிரான்சீவரை உடலோடு அணிய வேண்டும். மற்ற இரண்டும் முதுகுப்பையில் இருக்க வேண்டும். வண்டிப்பெட்டியில் கட்டிவைத்த மண்வாரி, வண்டி புதைந்தால் அதனுடனே புதைந்துபோகும். கைபேசியும், ஒருவரோடொருவர் பேச உதவும் வானொலிக் கருவியும் டிரான்சீவரிலிருந்து, அலை அனுப்பும்போது 20 சென்டிமீட்டரும், தேடும்போது 50 சென்டிமீட்டரும் விலகியிருக்கட்டும். சரிவில் சிக்கும்போது காற்றுப்பை விரியும் ஏர்பேக் முதுகுப்பை, அணிந்தவர் புதைவதற்கான வாய்ப்பைக் குறைக்கிறது, ஆனால் மரத்தில் மோதுவதிலிருந்து அது காப்பாற்றாது.

புறப்படும் வழியை ஒரே வாயிலாகக் குறுக்கி, அங்கே ஒருவர் நின்று, கடந்துசெல்லும் ஒவ்வொருவரின் டிரான்சீவரும் அலை அனுப்புகிறதா என்று கேட்டுச் சோதிக்க வேண்டும். கருவி இல்லாதவரை மலைக்கு அனுப்பக்கூடாது. அங்கேயே நான்கு முதல் ஆறு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, பெயர்ப்பட்டியலும் திரும்பும் நேரமும் எழுதி, குழுவுக்கு ஒரு வானொலிக் கருவியேனும் இருப்பதை உறுதிசெய்யுங்கள். மலையில் கைபேசித் தொடர்பு இருக்கும் என்று எண்ணாமல், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகளையும் வைத்திருங்கள்.

படி 6: மலையில் ஓட்டும் ஒழுங்கு

ஒரு சாய்வில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே ஏற வேண்டும். மற்றவர்கள் பனி வந்து சேராத இடத்தில், எஞ்சினை நிறுத்தி, வண்டிகளை அருகருகே தப்பிச்செல்லும் திசை நோக்கி நிறுத்தி, அவர்மீது கண்வைத்திருக்க வேண்டும். மேலே ஒருவர் பனியில் சிக்கிக்கொண்டால் உதவ இன்னொருவர் வண்டியோடு ஏறிச் செல்வது இயல்பான நல்லெண்ணம். ஆனால் ஏற்கெனவே பாரம் ஏறிய சாய்வில் இரண்டாவது வண்டியின் எடையும் சேர்வதால், இருவரும் ஒன்றாகப் புதைந்த விபத்துகள் மீண்டும் மீண்டும் நிகழ்ந்திருக்கின்றன. சிக்கியவரே தோண்டி வெளியே வரட்டும், கீழிருப்பவர்கள் பொறுமையாகக் காத்திருக்கட்டும்.

வேறொருவரின் தடம் சாய்வில் இருப்பது அது பாதுகாப்பானது என்பதற்குச் சான்றல்ல. பாளம் மெலிந்திருக்கும் ஓரிடத்தைப் பத்தாவது வண்டி தொடும்போதுதான் அது உடையலாம். எஞ்சின் சத்தம் பனிச்சரிவைக் கிளப்புவதில்லை, ஆனால் அது பனி கொடுக்கும் எச்சரிக்கைகளை மறைத்துவிடுகிறது. எனவே அவ்வப்போது எஞ்சினை நிறுத்தி இறங்கி நடந்து பாருங்கள். காலடியில் பனி 'தொம்' என்று அமுங்கும் ஒலி, வண்டியிலிருந்து விலகி ஓடும் விரிசல்கள், அண்மையில் சரிந்த பனியின் தடயம் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் செங்குத்தான இடங்களை விட்டு விலகி, வானொலியில் எல்லாக் குழுக்களுக்கும் தெரிவிக்க வேண்டும். மேகம் இறங்கி வானமும் தரையும் ஒரே வெண்மையாகக் கலந்தால், வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

படி 7: பனிச்சரிவு ஏற்பட்டுவிட்டால்

புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் அளவில் பிழைக்கிறார்கள். அரைமணி நேரம் கடந்தால் அது ஏறத்தாழ மூன்றில் ஒருவராகச் சரிகிறது. மீட்புப் படை இந்த நேரத்துக்குள் வந்துசேர முடியாது என்பதால், அங்கே இருப்பவர்களே மீட்பவர்கள். ஒருவர் உதவிச் செய்தி அனுப்ப, மற்றவர்கள் உடனே வேலையைத் தொடங்க வேண்டும்.

முதலில் ஒருவர் தலைமையேற்று, மேலே இன்னும் சரியக்கூடிய பனி உள்ளதா என்று பார்த்து, புதைந்தவர் கடைசியாகக் காணப்பட்ட இடத்தைக் கேட்டறிய வேண்டும். கூட்டமான நிகழ்வில் பலர் மறந்துவிடும் ஒன்று இங்கே இருக்கிறது: பனிக்கு மேலே நிற்பவர்களின் டிரான்சீவர்கள் அலை அனுப்பிக்கொண்டே இருந்தால், தேடுபவர் அவற்றையே பின்தொடர்ந்து அலைவார். எனவே எல்லோரும் உடனே தேடும் நிலைக்கு மாற்ற வேண்டும், எஞ்சின்களை அணைக்க வேண்டும், தேவைப்படாதவர்கள் பாதுகாப்பான இடத்துக்கு விலக வேண்டும். இரண்டு மூன்று பேர் மட்டும் டிரான்சீவரோடு தேட, மற்றவர்கள் ஆய்வுக்கோலையும் மண்வாரியையும் பொருத்திக்கொண்டு தயாராக நிற்கட்டும்.

சமிக்ஞை கிடைத்தபின், கடைசி மூன்று மீட்டரில் கருவியைப் பனியோடு ஒட்டி மெதுவாக நகர்த்தி, தொலைவைக் குறிக்கும் எண்ணை அது மிகக் குறைவாகக் காட்டும் புள்ளியைக் கண்டறியுங்கள். அங்கிருந்து 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுருளாக, பனிப்பரப்புக்குச் செங்குத்தாகக் கோலை இறக்குங்கள். உடலைத் தொட்டதும் கோலை அப்படியே விட்டுவிட்டு, அதன் கீழ்ச்சாய்வுப் பக்கத்திலிருந்து கிடைமட்டமாகத் தோண்டிச் செல்ல வேண்டும். நேர் மேலிருந்து தோண்டினால், அவர் மூச்சுவிட முகத்தின் முன் எஞ்சியிருக்கும் காற்றிடம் நசுங்கும். முகத்தை அடைந்ததும் வாயையும் மூக்கையும் துடைத்து மூச்சைப் பாருங்கள், பிறகு மார்பை விடுவியுங்கள். அவர் எழுந்து நின்றாலும், ஈரத்தையும் காற்றையும் தடுத்துப் போர்த்தி, குளிர்விறைப்பும் (உடல் வெப்பம் ஆபத்தான அளவு குறைதல்) உட்காயமும் இருக்கலாம் என்றே கருதிக் கீழே கொண்டுவர வேண்டும்.

யாரும் புதையாத நாளிலும், திரும்பிய குழுக்களைப் பட்டியலோடு சரிபார்த்தபின், மலையில் கண்ட விரிசல்களையும் சரிவுகளையும் உயரமும் திசையும் குறித்துப் படங்களோடு முன்னறிவிப்பு மையத்துக்கு அனுப்புங்கள். ஆள்நடமாட்டம் குறைந்த பள்ளத்தாக்குகளைப் பற்றி அவர்களுக்குக் கிடைக்கும் தகவல் பெரும்பாலும் இப்படி வருவதுதான். மறுநாள் அதே மலைக்குச் செல்பவர்களுக்கான முன்னறிவிப்பில் அது சேரும்.