பேரவையில் யாருக்கு எவ்வளவு பலம்? எண்ணிப் பார்க்கும் முறை

தேர்தல் முடிவு வந்த அன்றைய பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டு கழித்தும் ஆட்சி கவிழுமா, நிற்குமா என்று பேசுகிறோம். பெரும்பாலான தப்புக் கணக்குகள் அங்கேதான் தொடங்குகின்றன. சட்டப்பேரவையின் பலம் நாளுக்கு நாள் மாறக்கூடியது. எந்தத் தேதிக்கான கணக்கு என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் மொத்த இடங்கள். தமிழ்நாட்டில் 234, கேரளத்தில் 140, கர்நாடகத்தில் 224. பழைய செய்திகளில் தமிழகப் பேரவைக்கு 235 என்று பார்த்தால் அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். ஆங்கிலோ இந்தியர் ஒருவரை நியமிக்கும் ஏற்பாடு 2020 ஜனவரி வரை இருந்தது. அவரையும் சேர்த்த எண் அது.

அதிலிருந்து காலியிடங்களைக் கழியுங்கள். இறப்பு, தகுதிநீக்கம், ராஜினாமா மூன்றும் இதில் வரும். ராஜினாமாவில் மட்டும் கவனம் வேண்டும்: கடிதம் கொடுத்ததால் இடம் காலியாகிவிடாது, சபாநாயகர் ஏற்றுக்கொண்டால்தான் காலி. 2017 செப்டம்பரில் 18 அ.தி.மு.க. உறுப்பினர்கள் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆர்.கே.நகர் ஏற்கெனவே காலியாக இருந்தது. ஆக 234 என்பது 215 ஆனது; பெரும்பான்மைக்குத் தேவையான எண்ணும் 118-லிருந்து 108-க்கு இறங்கியது. ஆளும் தரப்புக்குப் புதிதாக ஒருவர்கூட வந்து சேரவில்லை, ஆனாலும் அதன் நிலை வலுத்தது. காலியிடத்தைக் கழிக்காமல் போட்ட கணக்கில் இது தெரிந்திருக்காது.

அடுத்து கட்சிவாரியாகப் பிரிக்க வேண்டும். இங்கே கட்சிப் பெயரை விடச் சின்னம் முக்கியம். 2021-ல் தி.மு.க.வுக்கு 133 இடம் என்று பதிவானதில் 8 பேர் ம.தி.மு.க., மனிதநேய மக்கள் கட்சி போன்ற தோழமைக் கட்சிக்காரர்கள். உதயசூரியன் சின்னத்தில் நின்று வென்றதால் அவைக் கணக்கில் அவர்கள் தி.மு.க. உறுப்பினர்கள், தி.மு.க. கொறடாவின் (எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி உறுப்பினர்களுக்கு உத்தரவிடுபவர்) உத்தரவுதான் அவர்களுக்கும். தனிச் சின்னத்தில் வென்ற காங்கிரஸின் 18 பேரை அந்த உத்தரவு கட்டுப்படுத்தாது. இருவரையும் 'கூட்டணி' என்று ஒரே வரிசையில் எழுதினால், யார் பிரிந்து போக முடியும், யார் போனால் பதவி இழப்பார் என்பது மறைந்துவிடும்.

இனி பெரும்பான்மை. எந்த வாக்கெடுப்பு என்று தெரியாமல் எண்ணைச் சொல்லக் கூடாது. நம்பிக்கை வாக்கெடுப்பில் வந்திருந்து வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் இருந்தால் போதும். 2019 ஜூலையில் கர்நாடகத்தில் குமாரசாமி அரசு 99-க்கு 105 என்று தோற்றது. வழக்கமான 113-ஐ எந்தத் தரப்பும் தொடவில்லை. பலர் அவைக்கு வராததுதான் முடிவைத் தீர்மானித்தது. சபாநாயகரை நீக்கும் தீர்மானத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அன்றைக்கு உறுப்பினராக உள்ள அனைவரிலும் பெரும்பான்மை வேண்டும். வராதவரும் எதிர்த்து வாக்களித்தவர் மாதிரிதான்.

சபாநாயகரின் வாக்கைப் பற்றி நிறைய பேர் தவறாக நினைக்கிறார்கள். இரு தரப்பும் சமமாக வந்தால்தான் அவர் வாக்களிப்பார். 234 பேரும் இருக்கிறார்கள், இரு தரப்புக்கும் தலா 117 என்று வைத்துக்கொள்வோம். ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர் நாற்காலியில் இருந்தால் அந்தப் பக்கம் 116 ஆகிவிடும். 116-க்கு 117, சமநிலையே வராது, அவர் வாக்குக்கு வேலையும் இல்லை, அரசு தோற்கும். ஆகவே கணக்குப் போடும்போது சபாநாயகரின் கட்சியில் ஒன்றைக் கழித்துவிட்டுத் தொடங்குங்கள். அவரையே நீக்கும் தீர்மானம் வந்தால் நிலைமை வேறு: தலைமை தாங்க முடியாது, ஆனால் முதலிலேயே வாக்களிக்கலாம், சமமானால் மறுபடி வாக்கு இல்லை.

தலைமைப் பதவிகளில் முதலில் வருபவர் தற்காலிக சபாநாயகர். அவரை ஆளுநர் நியமிப்பார்; உறுப்பினர்களுக்கு அவர் உறுதிமொழி செய்துவைப்பார். பிறகு அவையே சபாநாயகரையும் துணை சபாநாயகரையும் தேர்ந்தெடுக்கும். 2021-ல் மு.அப்பாவுவும் கு.பிச்சாண்டியும் அப்படி வந்தவர்கள். அரசுத் தரப்பில் அலுவல்களை நடத்துபவர் அவை முன்னவர். தமிழகத்தில் அது பெரும்பாலும் ஒரு மூத்த அமைச்சர்.

எதிர்க்கட்சித் தலைவர் பதவிக்கு அவையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது தமிழகத்தில் 24 இடம் என்பது வழக்கம். கூட்டணியில் யார் பெரியவர் என்பது இங்கே பொருட்டில்லை. 2011-ல் தே.மு.தி.க. 29, தி.மு.க. 23. அ.தி.மு.க. அணியில் நின்று வென்றிருந்தும் விஜயகாந்த்தான் எதிர்க்கட்சித் தலைவரானார். 2016 பிப்ரவரியில் அதிருப்தி உறுப்பினர்கள் ராஜினாமா செய்து, தே.மு.தி.க. 24-க்குக் கீழே இறங்கியதும் அந்தப் பதவியும் போனது.

அமைச்சரவைக்கும் வரம்பு உண்டு: மொத்த உறுப்பினர்களில் 15 சதவீதம். 234-க்கு 35.1 வருகிறது, தசமத்தை மேலே ஏற்றக் கூடாது. முதலமைச்சரையும் சேர்த்து 35 பேர்தான்.