நைஜீரியா மக்களாட்சிக்குத் திரும்பிய வரலாற்றை ஒரு மாலை வகுப்பில் நடத்தும் முறை

திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் சரக்கு எடுக்க வரும் நைஜீரிய வியாபாரிகளைக் கொங்கு நாட்டில் பலரும் பார்த்திருப்பார்கள்; அவர்களுடைய நாட்டின் அரசியலைப் பற்றிக் கேட்டால் மட்டும் பெரும்பாலோரிடம் பதில் இருக்காது. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரக் கல்லூரிகளிலோ நூலக வாசகர் வட்டங்களிலோ அந்த நாடு இராணுவ ஆட்சியிலிருந்து அதிபர் முறை மக்களாட்சிக்கு வந்த கதையை ஒன்றரை மணி நேரத்தில் நடத்த முனைவோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

நைஜீரியா அவ்வாறு இருமுறை திரும்பியது என்பதை முதலில் கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். 1979 அக்டோபர் 1 அன்று ஒலுசெகுன் ஒபசாஞ்சோ என்ற தளபதி, தேர்தலில் வென்ற ஷேகு ஷகாரியிடம் ஆட்சியை ஒப்படைத்தார். 1999 மே 29 அன்று அப்துல்சலாமி அபூபக்கர் என்ற தளபதி ஆட்சியை ஒப்படைத்தபோது, அதை அதிபராகப் பெற்றுக்கொண்டவர் ஓய்வுபெற்றிருந்த அதே ஒபசாஞ்சோதான். இரண்டு நாள்களிலும் ஒரே பெயர் வருவதால் மாணவர்கள் குழம்புவார்கள். அதனால் வகுப்பின் முக்கால் பங்கை 1979-க்கு ஒதுக்கி, 1999-ஐ அதன் தொடர்ச்சியாக மட்டும் சொல்வது நல்லது.

ஆட்சிக் கவிழ்ப்புகளை வரிசையாக ஒப்பிக்கும் வழக்கத்தைத் தவிர்க்க வேண்டும். தளபதிகளின் பெயர்கள் மறுநாளே மறந்துபோகும். பழைய நாடாளுமன்ற முறை ஏன் கைவிடப்பட்டது என்ற காரணம் நினைவில் நிற்கும். 1960-இல் விடுதலை பெற்ற நைஜீரியா, நம்மைப் போலவே பிரதமரைத் தலைவராகக் கொண்ட ஆட்சியைத்தான் ஏற்றது. ஆனால் வடக்கில் ஹவுசா-ஃபுலானி, மேற்கில் யொருபா, கிழக்கில் இக்போ என ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு பேரினமும், அதைச் சார்ந்த ஒரு கட்சியும் ஓங்கி நின்றன. நாடாளுமன்ற இடங்களில் பாதிக்கும் மேற்பட்டவை வடக்கிலேயே இருந்ததால், ஒரு கட்சி தன் வட்டாரத்தை முழுமையாகப் பிடித்துக்கொண்டாலே நாட்டை ஆள முடியும் என்ற நிலை உருவாயிற்று. 1966 ஜனவரி இராணுவக் கவிழ்ப்பில் பிரதமர் அபூபக்கர் தஃபாவா பலேவா கொல்லப்பட்டதும், அடுத்த ஆண்டு தொடங்கி 1970 வரை நீடித்த, கிழக்குப் பகுதி பியாஃப்ரா என்ற தனிநாடாகப் பிரிய முயன்றதால் மூண்ட உள்நாட்டுப் போரும் இந்தப் பின்னணியில் வந்தவை.

1975 ஜூலையில் ஆட்சியைப் பிடித்த தளபதி முர்தாலா முகம்மது, நான்கு ஆண்டுகளில் படைகள் விலகும் என்று அட்டவணை அறிவித்து, அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவையும் அமைத்தார். (நம் நாட்டில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டு அப்போது சில வாரங்களே ஆகியிருந்தன. வட்டத்தில் மூத்தவர்கள் இருந்தால் அந்தக் காலத்தை நினைவூட்டலாம். இங்கே ஆண்டது இராணுவம் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.) 1976 பிப்ரவரியில் முர்தாலா சுட்டுக் கொல்லப்பட்ட பிறகும், ஒபசாஞ்சோ அந்த அட்டவணையை விடாமல் நடத்தி முடித்தார். முர்தாலா காலத்திலேயே 19 மாநிலங்கள் உருவாகியிருந்தன. ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் குறைந்தது ஒருவரையாவது அமைச்சராக்க வேண்டும் என்று புதிய சட்டம் கட்டாயப்படுத்தியது.

வகுப்பின் உயிர்நாடி அடுத்துவரும் விதிதான். இதற்கு அரை மணி நேரம் கொடுத்தாலும் தகும். போட்டியாளர் இருவருக்கு மேல் இருந்தால், அதிபராக வேண்டியவர் நாட்டில் மிக அதிக வாக்குகளைப் பெற்றிருந்தால் மட்டும் போதாது. மாநிலங்களில் மூன்றில் இரண்டு பங்கில், ஒவ்வொன்றிலும் கால் பங்கு வாக்குகளையாவது பெற்றிருக்க வேண்டும். இதை விளக்க நம் மாநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு முதலமைச்சரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதாகவும், 38 மாவட்டங்களுக்கு இதே விதி பொருந்துவதாகவும் மாணவர்கள் கற்பனை செய்யட்டும். கொங்கு மாவட்டங்கள் அனைத்தையும் ஒருவர் அள்ளிவிட்டாலும், டெல்டாவிலும் தென்மாவட்டங்களிலும் ஆதரவு இல்லாவிட்டால் அவருக்குப் பதவி இல்லை என்பது உடனே விளங்கும். பிறகு 38-இல் மூன்றில் இரண்டு பங்கைக் கணக்கிடச் சொல்லுங்கள். விடை 25.33. தேவை 25 மாவட்டமா, 26 மாவட்டமா என்று வகுப்பை இரு அணியாகப் பிரித்து வாதிட விடுங்கள். நைஜீரியாவில் நடந்ததை அதுவரை வெளியிட வேண்டாம்.

வாதம் சூடேறியதும் 1979 ஆகஸ்ட் 11 தேர்தலுக்கு வாருங்கள். 19-இல் மூன்றில் இரண்டு பங்கு 12.67. ஏறத்தாழ 34 விழுக்காடு வாக்குகளுடன் முதலிடம் பெற்ற ஷகாரிக்கு 12 மாநிலங்களில் கால் பங்கு கிடைத்திருந்தது. பதின்மூன்றாவதான கானோவில் கிடைத்ததோ 20 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. பதின்மூன்றாவது மாநிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளை மட்டும் கணக்கில் எடுத்து, அதில் கால் பங்கு இருந்தால் போதும் என்று அவருடைய கட்சியின் வழக்குரைஞர் ரிச்சர்ட் அக்கிஞ்ஜிடே வாதிட்டார். அப்படிப் பார்த்தால் தேவை ஏறத்தாழ 16.7 விழுக்காடுதான். தேர்தல் ஆணையம் இதை ஏற்றது. இரண்டாம் இடம் பெற்ற ஒபஃபெமி அவோலோவோ தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 26 அன்று தள்ளுபடி செய்தது. நீதிபதி கயோடே எசோ மட்டும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். பதவியேற்புக்கு எஞ்சியிருந்தவை ஐந்தே நாள்கள். என் கருத்தில், வாக்கைப் பின்னமாக்கலாம், மாநிலத்தைப் பின்னமாக்க முடியாது. ஆனால் ஆசிரியர் தம் முடிவை மாணவர்கள் பேசி முடித்த பிறகே சொல்ல வேண்டும்.

அடுத்த இருபது ஆண்டுகளைப் பத்து நிமிடத்தில் கடந்துவிடலாம். 1983 டிசம்பர் 31 அன்று ஷகாரி கவிழ்க்கப்பட்டார். 1993 ஜூன் 12 அன்று நடந்த தேர்தலில் மொஷூத் அபியோலா முன்னணியில் இருந்தும், இராணுவ ஆட்சியாளர் இப்ராஹிம் பபங்கிடா அதை இரத்து செய்தார். அபியோலா 1998 ஜூலையில் காவலில் இறந்தார். அதற்கு ஒரு மாதம் முன்பு சர்வாதிகாரி சானி அபாச்சா இறந்ததுதான் 1999-க்கு வழி திறந்தது. இப்போது 36 மாநிலங்கள் இருப்பதால் மூன்றில் இரண்டு பங்கு 24 என்று முழு எண்ணாகவே அமைகிறது.

பின்னச் சிக்கல் தீர்ந்தாலும் வாசகச் சிக்கல் தீரவில்லை. வீட்டுப்பாடமாக அதையே கொடுங்கள். 1999 சட்டம், மாநிலங்களில் மூன்றில் இரண்டு பங்கிலும் தலைநகர்ப் பகுதியான அபுஜாவிலும் கால் பங்கு வாக்கு வேண்டும் என்கிறது. 2023-இல் வென்றதாக அறிவிக்கப்பட்ட போலா டினுபுவுக்கு அபுஜாவில் அந்த அளவு கிடைக்கவில்லை. அபுஜா தனி நிபந்தனையா, அல்லது அதுவும் ஒரு மாநிலத்தைப் போல எண்ணப்படுமா என்று ஒவ்வொருவரும் ஒரு பக்கத்தில் தீர்ப்பு எழுதி வரட்டும். அபுஜாவுக்குத் தனிச்சிறப்பு இல்லை என்ற, தேர்தல் வழக்கை விசாரித்த தீர்ப்பாயத்தின் முடிவையும், 2023 அக்டோபர் 26 அன்று உச்ச நீதிமன்றம் டினுபுவின் வெற்றியை உறுதிசெய்ததையும் தாள்களை வாங்கிய பிறகு சொல்லுங்கள்.