மாகாளிக் கிழங்கு: வாசனையை மட்டும் நம்பி முடிவு கட்டாதீங்க

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கத்து மலைப்பாறை இடுக்குகளில் படரும் மாகாளிக் கொடியின் வேரை, அதாவது ஊறுகாய் போடுகிற மாகாளிக் கிழங்கைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்திகளில் பல தப்பு.

வெனிலா மாதிரி மணக்கிறதே, அப்போ உள்ளே இருப்பது வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலின்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். கிடையாது. மாகாளியின் மணத்துக்குக் காரணம் 2-ஹைட்ராக்ஸி-4-மெத்தாக்ஸிபென்சால்டிஹைடு. இரண்டுக்கும் அணுக்கணக்கு ஒன்றே: கார்பன் 8, ஹைட்ரஜன் 8, ஆக்சிஜன் 3. ஆனால் ஹைட்ராக்ஸில் தொகுதி (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி) வெனிலினில் ஆல்டிஹைடு என்கிற இன்னொரு அணுத்தொகுதிக்கு நேரெதிரே இருக்கிறது, மாகாளியில் ஒட்டிப் பக்கத்திலேயே இருக்கிறது, அந்த இடமாற்றத்திலேயே அது வேறு பொருளாகிவிடுகிறது. அதனால் வெனிலினைப் பற்றிய ஆய்வு முடிவை எடுத்து மாகாளிக்கு ஒட்டவைக்காதீங்க.

இதே சேர்மம் நன்னாரி வேரிலும் உண்டு. எனவே முகர்ந்து பார்த்து நன்னாரி என்று வாங்குவதில் அர்த்தமில்லை. நன்னாரி வேர் மெலிசாக, கம்பி போல இருக்கும், மாகாளி சதைப்பற்றோடு தடிமனாக இருக்கும், கண்ணால் பாருங்க.

அப்புறம் வேரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்வது. அந்தச் சேர்மம் நீராவியோடு கிளம்பிப் போய்விடும், திறந்த பாத்திரத்தில் காய்ச்சினால் வீடெல்லாம் மணக்கும், குடிக்கிற தண்ணீரில் மணம் குறைந்துவிடும். நடு நரம்பை எடுத்துவிட்டு மோரில் உப்போடு ஊறப்போடுகிற பழைய வழிதான் சரி.

எனக்கு ரொம்பக் கவலை தருவது "புற்றுநோய்க்கு மருந்து" என்கிற பேச்சு. வேரின் சாற்றைச் சோதனைக்குழாயில் செல்கள் மேல் விட்டுப் பார்த்த முடிவு, மனித உடம்பில் வேலை செய்யும் என்பதற்குச் சான்று ஆகாது, அதை நம்பி யாரும் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. இயற்கைதானே என்று அளவில்லாமல் குடிப்பதும் அதே ரகம்தான். தானியத்தில் விழும் வண்டுகளைக் கொல்லும் தன்மை இந்த வேருக்கு உண்டென்று ஆய்வுகளே காட்டியிருக்கின்றன.

இந்தப் புரளியின் விலையைக் கொடி கொடுக்கிறது. கிழங்கை முழுசாகத் தோண்டினால் கொடி போச்சு. தீபகற்ப இந்தியாவைத் தவிர வேறெங்கும் இயல்பாக வளராத இந்த இனம் ஐயூசிஎன் (சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ளதாக இருக்கிறது, அந்த மலைப்பக்கத்துக் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்துக்குள் போய்த் தோண்டுவது குற்றமும்கூட. ஊறுகாய்க்கு வாங்கும்போது எங்கே விளைந்தது என்று கேளுங்க. தோட்டத்தில் வளர்த்தது என்று விற்பவரால் சொல்ல முடியாவிட்டால் நான் வாங்குவதில்லை.