ஆஷ்போர்னில் பந்து வரும் நாளில் காரை எங்கே நிறுத்துவது?

இங்கிலாந்தின் டார்பிஷயரில் உள்ள பழைய சந்தை ஊர் ஆஷ்போர்ன். பிப்ரவரி, மார்ச்சில் அந்தப் பக்கம் போகிறவர்கள் முதலில் காலண்டரில் திருநீற்றுப் புதன் (கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் நாள்) என்றைக்கு என்று பாருங்கள். அன்றும் அதற்கு முந்தைய செவ்வாயும் ஊரே கால்பந்து ஆடும். 2027-இல் அது பிப்ரவரி 9, 10.

கால்பந்து என்று பெயர்தான், காலால் உதைப்பது குறைவு. ஹென்மோர் ஓடைக்கு வடக்கே பிறந்தவர்கள் ஓர் அணி, தெற்கே பிறந்தவர்கள் இன்னோர் அணி. கோல்களுக்கு இடையே சுமார் 3 மைல். பிற்பகல் 2 மணிக்கு ஷா கிராஃப்ட் திடலில் பந்தை வீசுவார்கள், ஆட்டம் இரவு 10 வரைகூடப் போகும். பந்துக்குள் தக்கை இருப்பதால் தண்ணீரில் மிதக்கும். அதனால் கூட்டமே ஓடையில் இறங்கிவிடும்!

கடைக்காரர்கள் ஜன்னல்களுக்குப் பலகை அடிப்பதைப் பார்த்தாலே புரியும், காரை ஊருக்கு வெளியே விடுவதுதான் நல்லது. பழைய உடுப்பு, பிடிமானமுள்ள ஷூ போதும். குழந்தைகளோடு இருந்தால் சுவர் ஓரம் நிற்காதீர்கள், நெரிசல் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. பின்னால் நகர இடம் இருக்கிறதா என்று பார்த்து நில்லுங்கள்.

கூட்டம் ஒத்து வராதா? சரி, வேறு நாளில் போய் வாடகைக்கு சைக்கிள் எடுங்கள். பழைய ரயில் பாதையான டிஸ்ஸிங்டன் டிரெயில் பார்ஸ்லி ஹே வரை 13 மைல். போகும்போது மெல்ல ஏற்றம், அப்புறம் திரும்பும்போது மிதிக்கவே வேண்டாம்.