சாவிக்கொத்தை விரல்ல சுத்திட்டு அதான் கோண உந்தம்னு சொல்லாதீங்க

சுத்துற பொருளோட நிறை, வேகம், அச்சுல இருந்து தூரம் மூணையும் பெருக்கினா வர்றதுதான் கோண உந்தம்; வெளிய இருந்து எதுவும் திருப்பாத வரை அது மாறாது, அதனாலதான் கையை நீட்டி சுத்திட்டு உள்ள இழுத்தா வேகம் கூடும். இதைக் காட்ட எல்லாரும் முதல்ல இழுத்துட்டு வர்றது ஆபீஸ் சேர்தான், சொதப்பலும் அங்கயே ஆரம்பிச்சுடும். பழைய சேர்ல பேரிங் இறுகிக் கிடக்கும், ரெண்டு சுத்துல நின்னுடும், அதுல உக்காந்து கையை மடக்கி என்ன பிரயோஜனம்? ஆளை உக்கார வெச்சு லேசா தள்ளி விட்டுப் பாருங்க, நாலஞ்சு சுத்தாவது தானா வரலைன்னா வேற சேர் தேடுங்க. கால் தரையில உரசவே கூடாது.

வெறுங்கையோட செய்யாதீங்க, வித்தியாசம் பெருசா தெரியாது. கைக்கு 2 கிலோ டம்பெல், அச்சுல இருந்து 80 செ.மீ தள்ளி நீட்டினா ரெண்டுக்கும் சேர்த்து நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி மாறுறதை எவ்வளவு எதிர்க்கும்ங்கிற அளவு) 2.56 கி.கி.மீ², 20 செ.மீக்கு இழுத்தா வெறும் 0.16. அதுக்காக வேகம் 16 மடங்கு ஆகும்னு கணக்கு போட்டுடாதீங்க, உங்க உடம்பும் சேரும் எங்கயும் போகலையே, ரெண்டு மடங்கு கிடைச்சாலே நல்ல ரிசல்ட்தான். ஆற்றலும் மாறாதுன்னு சில பேர் எழுதுறாங்க, அதுவும் தப்பு, சுழற்சி ஆற்றல் கூடும், கையை உள்ள இழுக்க நீங்க படுற கஷ்டம்தான் அது.

இப்போ சாவிக்கொத்து. எங்க அக்கா பையன் கயித்தோட சாவியை விரல்ல சுத்த விட்டு, "மாமா, கயிறு குறையக் குறைய வேகமா சுத்துது பாரு, இதானே அது"ன்னான். பார்க்க அப்படித்தான் இருக்கும், ஆனா கயிறு விரலைச் சுத்தி ஏறும்போது அது இழுக்கிறது விரலோட நடுவை நோக்கி இல்ல, ஓரத்தை நோக்கி, அதனால எதிர்த்திசையில ஒரு முறுக்கு விழுந்து கோண உந்தம் குறைஞ்சுகிட்டே வரும். சாவியோட வேகம் கிட்டத்தட்ட அதேதான், வட்டம் சின்னதாகுறதால சுத்து சீக்கிரம் முடியுது, அவ்ளோதான்.

சரியா செய்யணும்னா காலி பேனா குழாய்க்குள்ள நூலை விட்டு, மேல் நுனியில அழிக்கிற ரப்பரைக் கட்டி தலைக்கு மேல சுத்திக்கிட்டே கீழ இருந்து நூலை இழுங்க. நீளம் பாதியானா ரப்பர் வேகம் ரெண்டு மடங்கு, நிமிஷத்துக்கு சுத்து நாலு மடங்கு வரணும். குழாய் வாய் சொரசொரப்பா இருந்தாலோ மெதுவா ஆற அமர இழுத்தாலோ உராய்வும் காத்தும் தின்னுட்டு போயிடும், அதனால வாயைத் தேய்ச்சு வழவழப்பாக்கிட்டு சட்டுன்னு இழுங்க.

அப்புறம், சேர்ல சுத்தும்போது நீட்டின கையில இருந்து டம்பெல்லை விட்டா வேகம் கூடும்னு பந்தயம் கட்டாதீங்க, தோத்துடுவீங்க, அதோட பங்கு கோண உந்தத்தை அதுவே எடுத்துட்டுப் போயிடும். செஞ்சு பார்க்கிறதா இருந்தா கீழ பழைய மெத்தை போட்டுக்கங்க, போன தடவை எங்க வீட்டு டைல்ஸ் ஒண்ணு போச்சு.